அம்புஜவேணி மறந்த வசனம்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வச்சுக்கங்க தம்பி. ஜன்னல் காத்துக்கு அது படபடன்னு அடிச்சு என் மூஞ்சிக்கு நேரா வந்து வந்து நிக்குது. வேற யாரு படமா இருந்தாலும் சும்மா இருந்திருப்பேன். காலையில டீக்கடைச் சுவத்துல அவ படம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல அவ படம். இங்க வந்து உக்காந்தா இங்கயும் அவ. செத்தும் விட மாட்டேங்குறா.

என்ன போட்டிருக்கான், படிங்க கேப்போம். எனக்குக் கண்ணு அம்புட்டுத் தெளிவா இல்ல. "பேசாமலே பேசிய நடிகை அம்புஜவேணிக்கு மதுரையில் இன்று இரங்கல் கூட்டம்." ம். பேசாமலே பேசினாளாம். நல்லா எழுதுறாங்கய்யா. அது யாரால வந்துச்சுன்னு எழுதியிருக்கானா பாருங்க. இருக்காது. எங்கயும் இருக்காது. யாரால வந்துச்சோ அந்த ஆளு உங்க பக்கத்துல உக்காந்திருக்கான் தம்பி. நாந்தான். பேரு வைரவன். நாடகத்துல பிராம்டரா இருந்தவன்.

பிராம்டர்னா என்னன்னு தெரியாதுல்ல. உங்க வயசுக்குத் தெரியாது. மேடைக்குப் பக்கவாட்டுல தட்டி இருக்கும். அதுக்குப் பின்னாடி புஸ்தகத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான். நடிக்கிறவுகளுக்கு வசனம் மறந்து போச்சுன்னா முதல் வார்த்தையை எடுத்துக் குடுப்பான். சனங்களுக்குக் கேக்கக் கூடாது, நடிக்கிறவுகளுக்குக் கேக்கணும். அம்புட்டு லேசான வேலை இல்ல. தொண்டையை அப்படி வச்சுப் பழகணும். ராசாவா வேசம் கட்டுறவன் எத்தனையோ பேரு கிடைப்பான். நல்ல பிராம்டர் கிடைக்க மாட்டான்.

இன்னைக்குக் கூட்டத்துக்குத்தான் போறேன். அழுகிறதுக்கு இல்ல, சொல்லுறதுக்கு. அவ மக போன் பண்ணுச்சு. "மாமா, அம்மாவைப் பத்தி முதல்ல நீங்கதான் பேசணும்னு அம்மாவே சொல்லி வச்சிருந்தாங்க"ன்னுச்சு. பாத்தீங்களா? சாகும்போது மனசு உறுத்தியிருக்கு. இருக்கும்போது என் பேரைச் சொல்ல வாய் வரல, போகும்போது வந்துருச்சு. சரி வாரேன்னுட்டேன். மேடையில ஏறி, அய்யா, நீங்க இம்புட்டு வருசமாக் கொண்டாடுறீங்களே, அது நடிப்பே இல்ல, மறதின்னு சொல்லிட்டு இறங்கிருவேன். உண்மையைச் சொல்லணும்ல.

கேளுங்க. ஆதியில இருந்து சொல்றேன். மேலூரு தாண்டுற வரைக்கும் நேரம் கிடக்கு.

அவளுக்குத் திருமங்கலம். பதினாலு வயசுல அவ சின்னம்மா கூட்டிக்கிட்டு வந்து எங்க நாடகக் கம்பெனியில விட்டா. ஒல்லியா, கறுப்பா, எண்ணெய் வழியிற தலையோட நின்னா. இது எதுக்குன்னு நெனச்சேன். எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டிக்கூடத் தெரியாது தம்பி. கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே மெட்ராஸ் போன பிறகுதான். அப்ப அவளுக்கு யாரு பாடம் சொன்னது? நான். எங்க கம்பெனியில வசனத்தைப் பாடம்னுதான் சொல்லுவோம். காலையில நான் வாசிப்பேன், அவ காலை மடக்கி உக்காந்து கேப்பா. கேக்குறாளா தூங்குறாளான்னு தெரியாது, கண்ணை மூடிக்கிருவா. நான் இன்னொரு தடவை வாசிக்கவான்னா, வேணாம்ணேம்பா. திமிரு. இன்னொரு தடவை கேட்டா என்ன குறைஞ்சா போயிருவ? அதுனால எந்த நாடகமா இருந்தாலும் நான் தட்டிக்குப் பின்னாடி தயாரா நிப்பேன். இவ எந்த இடத்துல விழுவாளோன்னு. நான் நின்னதுனாலதான் அவ விழல.

இப்பப் பெரிய விசயத்துக்கு வாரேன். கம்பெனி புதுக்கோட்டையில கேம்பு போட்டிருந்துச்சு. எங்க முதலாளி சொக்கநாதம் பிள்ளை அவரே எழுதின நாடகம். ஓடிப்போன மகன் திருடனாகிக் கோர்ட்டுல கூண்டுல நிக்கிறான். பெத்தவ பெரிய இடத்துல வாழ்றா. அவ மானம் போகக் கூடாதுன்னு, எனக்குத் தாயே கிடையாதுன்னு சொல்லிருறான் பய. ஜட்ஜு அவளைக் கூப்பிட்டு, இவன் உன் பிள்ளையான்னு கேக்குறாரு. அந்த இடத்துல தாய்க்காரி ஒரு பக்க வசனம் பேசணும். "பத்து மாதம்"னு ஆரம்பிக்கும். முதலாளி அந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு மாசம் தாடி வளத்தாரு. தாய் வேசம் போடுறவ காய்ச்சல்ல படுத்துட்டா. பதினேழு வயசுப் பிள்ளைக்கு நரைமுடி வச்சு இவளை ஏத்தினாங்க.

எனக்குப் பக்கத்துல மேக்கப்காரன் உக்காந்து ஜட்ஜுக்கு மீசை ஒட்டிக்கிட்டு இருந்தான். மீசைப் பசை இருக்கே, அது கையில பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது. அந்தக் கடங்காரன் பசைக் குப்பியை என் புஸ்தகத்து மேல சாய்ச்சுப்பிட்டான். ரெண்டு பக்கம் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. அதுக்குள்ள ஜட்ஜு மேடைக்குப் போயிக் கேட்டுட்டாரு, இவன் உன் பிள்ளையான்னு. நான் பக்கத்தைத் திருப்புறேன், அடுத்த சீன் வருது. பிரிக்கிறேன், வரல. நகத்தை வச்சுக் கீறுறேன், கிழியுது. அவ அங்க நிக்கிறா.

சும்மா நிக்கிறா தம்பி. ஒரு வெத்தலை மடிச்சுப் போடுற நேரம். கொட்டகையில ஒரு சத்தம் இல்ல. எனக்கு வேர்த்து ஊத்துது. ஒரு வழியா முதல் வரி கண்ணுல பட்டுருச்சு. "பத்து மாதம், பத்து மாதம்"னு எடுத்துக் குடுக்குறேன். திரும்பிக்கூடப் பாக்கல. கொஞ்சம் சத்தமாவே குடுத்தேன், முன்வரிசைக்காரன் ஒருத்தன் தலையைத் திருப்பினான். அவனுக்குக் கேட்டுச்சு, இவளுக்குக் கேக்கல. பயத்துல காதடைச்சுப் போச்சு அவளுக்கு, வேற என்ன? மெதுவா நடந்து கூண்டுக்கிட்டப் போனா. முந்தானையை எடுத்தா. பய நெத்தியில வேர்வையைத் தொடச்சு விட்டா. திரும்பி வந்து பழைய இடத்துல நின்னா. அம்புட்டுதான். ஒரு வார்த்தை இல்ல. ஜட்ஜு வேசக்காரன் விவரமானவன், வழக்கை ஒத்திவைக்கிறேன்னு சொல்லிட்டான். படுதா விழுந்துச்சு.

கொட்டகையே அழுதுச்சு. பொம்பளைப் பக்கத்துல இருந்து ஓன்னு சத்தம். மீசைக்காரன்லாம் துண்டை வச்சு மூக்கைச் சிந்துறான். எதுக்கு அழுறானுக? ஒரு பொட்டப்பிள்ளை வசனத்தை மறந்துட்டு முழிச்சதுக்கு. அதுதான் தம்பி இந்தப் பேப்பர்ல போட்டிருக்கே, பேசாமலே பேசினது, அது. என் பசை. என் ரெண்டு பக்கம்.

முதலாளிக்கு வந்துச்சு பாருங்க கோவம். சனம் அழுதா அவருக்கு என்ன, அவரு எழுதின பக்கம் போச்சுல்ல. என்னைக் கூப்பிட்டு, ஏன்டா எடுத்துக் குடுக்கலைன்னாரு. எடுத்துக் குடுத்தேன் முதலாளி, அந்தப் பிள்ளைதான் மறந்துட்டு நின்னுச்சுன்னேன். எடுத்துக் குடுத்தேன்ல? பொய்யா சொன்னேன்? கொஞ்சம் பிந்திக் குடுத்தேன், அம்புட்டுதான். பசை கதையெல்லாம் அவருகிட்டச் சொல்ல முடியுமா? அன்னைக்கே மூட்டையைக் கட்டச் சொல்லியிருப்பாரு. எனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆயிருந்துச்சு. பக்கத்துலதான் அவ நின்னா. அவளைப் பாத்து, மறந்துட்டியான்னு கேட்டாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமாங்குற மாதிரி ஆட்டினா. நீங்களே சொல்லுங்க. மறக்காதவ தலையை ஆட்டுவாளா? பக்கம் ஒட்டிக்கிட்டதை அவளும் பாத்தா, மேடையில இருந்து பாத்தா தட்டி இடுக்கு தெரியும். நான் மறக்கல, இந்தாளு புஸ்தகத்தைப் பிச்சுக்கிட்டு இருந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே. குத்தம் அவகிட்ட இருந்துச்சு, சொல்லல.

எங்க கம்பெனியில ஒரு வழக்கம். பாடம் விட்டவுக மறுநாள் காலையில பந்தியில உக்காரக் கூடாது. எல்லாருக்கும் பரிமாறிட்டுக் கடைசியில, விட்ட பாடத்தைப் பூராம் எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டுத்தான் சாப்பிடணும். ராசா வேசக்காரனா இருந்தாலும் அதுதான். இவளும் பரிமாறினா. ராத்திரி ஊரையே அழ வச்சவ காலையில இட்லிச் சட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தா. எனக்கும் வச்சா. நாலு வச்சுட்டு, இன்னொண்ணு வைக்கவாண்ணேன்னு கேட்டா. நான் நிமிந்து பாக்கல, எனக்கு என்ன, என் வயித்துப் பாட்டை நான் பாத்தேன். அப்புறம் நடுவுல நின்னு அந்த ஒரு பக்கத்தைச் சொன்னா. ஒரு எழுத்து விடாமச் சொன்னா. முதலாளி எந்த இடத்துல மூச்சு விடணும்னு எழுதினாரோ அந்த இடத்துல மூச்சு விட்டா. சமையக்காரன் கரண்டியோட வந்து நின்னு கேட்டான்.

கள்ளி. ராத்திரியோட ராத்திரியா எவனையோ பிடிச்சு வாசிக்கச் சொல்லிப் பாடம் பண்ணிட்டா. யாரு வாசிச்சுக் காட்டினான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. புஸ்தகம் என் தலைமாட்டுல இருந்துச்சு.

அதுக்கப்புறம் என்ன, கொட்டகையில அன்னைக்கு ஒரு படக் கம்பெனிக்காரர் இருந்திருக்காரு. கோயமுத்தூர்க்காரர். வந்து, அந்தப் பொண்ணு வேணும்னாரு. முதலாளி உடனே நானே அப்படித்தான் எழுதியிருந்தேன்னு மாத்திட்டாரு. ஒரு மாசம் தாடி வளத்து எழுதின பக்கத்தை அவரே கிழிச்சாரு. எல்லாரும் மாறுவாங்க தம்பி, நான் மட்டும்தான் மாறாம இருக்கேன்.

ஆனா ஒண்ணு. மெட்ராஸுக்கு வாரதுக்கு அவ ஒரே ஒரு நிபந்தனை போட்டா. வைரவண்ணன் கூட வரணும்னுட்டா. வராட்டி நானும் வரலைன்னுட்டா. இப்பத் தெரியுதா யாரை நம்பி யாரு இருந்தான்னு? நான் இல்லாட்டி அவளுக்கு வாயே திறக்காது. படக் கம்பெனிக்காரர் யாருய்யா இந்த வைரவன்னு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. நாந்தான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அங்க போயி அவளுக்குக் கிடைச்சது என்ன? அம்மா வேசம். பத்தொன்பது வயசுல அம்மா. முப்பது வயசுக் கதாநாயகன் இவ மடியில படுத்து அம்மாம்பான். கூட வந்த பிள்ளைகள்லாம் ரோஜாப்பூ வச்சுக்கிட்டு டூயட் பாடுதுக, இவ காலையிலயே உக்காந்து தலைக்கு வெள்ளையடிச்சுக்குவா. எல்லாப் படத்துலயும் ஒரு இடத்துல பேசாம நிக்கணும். டைரக்டருக எழுதியே வச்சுருவாங்க, இந்த இடத்துல அம்புஜவேணி பேசாமல் நிற்கிறார்னு. தியேட்டர்ல அதுக்குக் கைதட்டு. ஒரு தடவை கேட்டேன், உனக்கு வருத்தம் இல்லையா, நீ கதாநாயகியா ஆகியிருக்கலாமேன்னு. சிரிச்சா. அழகா இருக்கிறது நாலு வருசம்ணே, அம்மா கடைசி வரைக்கும்னா. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பா. அவளைப் பாத்து யாரும் பரிதாபப்பட்டுறக் கூடாது, அந்த வீறாப்பு.

படத்துல பிராம்டர் எப்படின்னு கேளுங்க. அப்பல்லாம் பேசுறதை அங்கயே பதிவு பண்ணிருவாங்க. தலைக்கு மேல மைக்கு தொங்கும். நான் எடுத்துக் குடுத்தா என் குரலும் விழுந்துரும். முதல் நாளே என்னை வெளிய போகச் சொன்னாங்க. இவ விடல. அவரு வாயைத் திறக்க மாட்டாரு, அங்க நிக்கட்டும்னா. அதுனால நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னு உதட்டை மட்டும் அசைப்பேன். சத்தமே வராது. அவ என் உதட்டைப் பாத்துத்தான் பேசினா, அத்தனை படமும். லைட் போடுற பய ஒருத்தன் சொன்னான், அண்ணே, இம்புட்டு லைட்டு கண்ணுல அடிக்கும்போது அந்தம்மாவுக்கு இங்கிட்டு ஒரு எழவும் தெரியாதுண்ணேன்னு. லைட் போடுற பயலுக்கு நடிப்பைப் பத்தி என்ன தெரியும்? நடுவுல எனக்கு டைபாய்டு வந்து ரெண்டு மாசம் படுத்துட்டேன். அந்த ரெண்டு மாசத்துல எடுத்த படத்துக்குத்தான் அவளுக்குப் பரிசு குடுத்தாங்க. எப்படியோ சமாளிச்சிருக்கா. நான் சொல்லிக் குடுத்தது உடம்புல ஊறியிருக்கும்ல.

அந்தப் பரிசு வாங்கினப்ப ரேடியோவுல பேசினா. முதலாளி பேரைச் சொன்னா. சின்னம்மா பேரைச் சொன்னா. சமையக்காரன் பேரைக்கூடச் சொன்னா தம்பி. புதுக்கோட்டையில அன்னைக்கு எப்படி அது தோணுச்சுன்னு பேட்டி எடுத்தவன் கேட்டான், அது தானா அமைஞ்சதுன்னுட்டா. நான் டீக்கடை வாசல்ல நின்னு கேக்குறேன். அவ திரும்பி வந்ததும் கேட்டேன், ஏன் என் பேரைச் சொல்லலைன்னு. "அதைச் சொன்னா முழுசாச் சொல்லணும்ணே, உங்களுக்கு நல்லா இருக்காது"ன்னா. எனக்கு நல்லா இருக்காதாம். எப்படிப் பூசி மெழுகுறா பாத்தீங்களா.

சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். எங்க உறவு அறுந்தது அப்ப இல்ல. வயசாகிப் படம் குறைஞ்சு போயி, மறுபடி நாடகம் போட ஆரம்பிச்சா, மெட்ராஸ் சபாவுல. அதே புதுக்கோட்டை நாடகம். எனக்கு அப்பவே கண்ணுல புரை. தட்டிக்குப் பின்னாடி இருட்டு. புஸ்தகம் வெறும் வெள்ளையாத் தெரியுது. அதுக்காக விட்டுற முடியுமா? என் ஞாபகத்துல இருந்து எடுத்துக் குடுத்தேன். இப்பத்தான் தம்பி கவனமாக் கேக்கணும். நான் ஒண்ணு எடுத்துக் குடுக்குறேன், அவ வேற ஒண்ணு பேசுறா. இன்னொண்ணு குடுக்குறேன், அதுக்கும் வேற. ஒரு பிராம்டருக்கு இதை விட அவமானம் உண்டா? இடைவேளையில போயி, ஏன் நான் சொன்னதைப் பேசலைன்னு கத்தினேன். அங்க இருந்த சின்னப்பய ஒருத்தன் சிரிச்சுட்டான். அண்ணே, நீங்க சொன்னது வேற நாடகத்து வசனம்னான்.

அவ எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டுக் கதவைச் சாத்தினா. என் கையைப் பிடிச்சா. "எனக்கு வசனம் எப்பவுமே தெரியும்ணே. நீங்க ஒரு தடவை வாசிச்சாலே ஏறிரும். எனக்கு நீங்க அங்க நிக்கணும், அம்புட்டுதான்"னா.

கையை உதறிட்டேன். எப்பவுமே தெரியுமாம். அப்ப முப்பது வருசம் என்னை வச்சு விளையாடியிருக்கா. கொலுவுல பொம்மை வைக்கிற மாதிரி ஒரு ஓரமா என்னை நிக்க வச்சிருக்கா. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு தம்பி, இப்ப உங்ககிட்டச் சொல்லும்போதும் எரியுது. அன்னைக்கே கிளம்பிக் காரைக்குடி வந்துட்டேன். கண் ஆபரேசனுக்கு ஏற்பாடு பண்ணிக் கார் அனுப்பினா. பிச்சைக் கண்ணு வேணாம்னு திருப்பி அனுப்பிட்டு, இலவச முகாம்ல போயிப் படுத்தேன். அவன் பாத்த லட்சணம், இன்னைக்கும் பாதிதான் தெரியுது. போன் போடுவா, இல்லைன்னு சொல்லச் சொல்லிருவேன். பொங்கலுக்குப் பொங்கல் போடுவா. ஒரு தடவைகூட எடுக்கல. கடைசியா இந்தப் பொங்கலுக்குப் போட்டா. எடுக்கல. எதுக்கு எடுக்கணும்?

என்ன கேட்டீங்க? சத்தமாக் கேளுங்க, பஸ்ஸு இரைச்சல்ல விழல.

ஓகோ. படிக்கத் தெரியாதவ, நீங்களும் வாசிச்சுக் காட்டல, புஸ்தகமும் உங்க தலைமாட்டுல, அப்ப மறுநாள் காலையில அந்தப் பக்கத்தை எப்படிச் சொன்னாங்குறீங்க.

நீங்க என்ன வக்கீலா? பேப்பர் படிச்சுக்கிட்டு வந்தவரு படிச்சுக்கிட்டே வந்திருக்க வேண்டியதுதானே. ஒரு மனுசன் வயித்தெரிச்சலைச் சொன்னா, ம்னு கேட்டுட்டு வர மாட்டீங்களா?

இல்ல, இருங்க. நீங்க சொல்ற மாதிரியே வச்சுக்குவோம். அவளுக்கு வசனம் தெரியும்னு வச்சுக்குவோம். அப்ப அன்னைக்கு அவளாத்தான் பேசாம நின்னா. அவளாத்தான் முந்தானையை எடுத்தா. முதலாளிக்கு முன்னாடி தலையை ஆட்டினது, இட்லிச் சட்டியைத் தூக்கினது, எல்லாம் என் பொழப்பு போயிறக் கூடாதுன்னு. மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போனதும் அதுக்குத்தான். அப்படித்தான? அப்ப நான் எதுக்கு தம்பி? அம்புட்டு வருசம் இருட்டுல உதட்டை அசைச்சுக்கிட்டு நின்னேனே, அது யாருக்கு? என்னால முடியாது தம்பி. இந்த வயசுல அதை வச்சுக்கிட்டு என்னால வீட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. அவ மறந்துதான் போனா. மறந்துதான் போகணும்.

மாட்டுத்தாவணி வந்துருச்சுபோல. கொஞ்சம் வழி விடுங்க, இறங்கணும். மேடையில ஏறி, அவ மறந்துட்டான்னுதான் சொல்லப் போறேன். அவ என்ன, எந்திரிச்சு வந்து இல்லைன்னா சொல்லப் போறா? உசுரோட நின்னப்பவே சொல்லலையே.